புவி வெப்பமடைதல்: விளைவுகளை அறிந்து, எடை பார்த்துக் குறைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

புவி வெப்பமடைதலைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், மரம் நடலாம், நெகிழிப் பையைத் தவிர்க்கலாம், தேவையில்லாத விளக்கை அணைக்கலாம் என்ற மூன்று விடைகள்தாம் பெரும்பாலும் முதலில் வருகின்றன. இவற்றில் எதுவும் தவறன்று. ஆனால் இவற்றைத் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு கைப்பேசிக்கு ஆண்டு முழுவதும் மின்னேற்றம் செய்ய ஏறத்தாழ 5 முதல் 7 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு படுக்கையறை ஏசி அதை ஒரே இரவில் செலவழித்துவிடும். அந்த ஏசியிலிருந்து ஆர்-410ஏ என்ற குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால், அதனால் ஏற்படும் வெப்ப விளைவு ஏறத்தாழ 900 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். மின்னேற்றியைப் பிடுங்கி வைக்க மறக்காதவர்கள் பலர், ஏசிக்கு ஆண்டுதோறும் ஏன் வாயு நிரப்ப வேண்டியிருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

செய்வதற்கு எளிதானது எது என்ற வரிசையில் செல்லாமல், எடை மிகுந்தது எது என்ற வரிசையில் செல்வதே இந்த வழிகாட்டியின் முறை. அதற்கு முன்பாக, வெப்பம் எப்படிச் சேர்கிறது, சேர்ந்த வெப்பம் என்ன செய்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்வது அவசியம். இல்லையெனில் எந்தச் செயலுக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பது விளங்காது.

படி 1: வெப்பம் சேரும் வழியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

சூரிய ஒளியால் சூடேறும் நிலமும் கடலும் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாகத் திருப்பி அனுப்புகின்றன. காற்றில் பெரும்பங்கு வகிக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிர்களைத் தடுப்பதில்லை. மிகச் சிறிய அளவில் உள்ள கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவையும் நீராவியும் அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் தரையை நோக்கியே அனுப்புகின்றன. இந்த ஏற்பாடு அறவே இல்லாதிருந்தால் புவியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். ஆகவே பசுமை இல்ல விளைவு என்பது நமக்கு வாழ்வளித்த ஒன்று. அதன் அளவு மிகுவதுதான் சிக்கல்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. கரியமில வாயு நிரம்பிய குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகம் சூடாவதை 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி பதிவு செய்தார்; 1859இல் ஜான் டின்டால் இவ்வாயுக்களின் வெப்ப உறிஞ்சுதலை ஆய்வகத்தில் அளந்தார்; 1896இல் ஸ்வான்டே அர்ரேனியஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், கரியமில வாயு இரட்டித்தால் எத்தனை டிகிரி உயரும் என்று கையால் கணக்கிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது 315 பங்கு அளவில் இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

இந்த உயர்வு இயற்கையாக நேர்ந்திருக்கலாமே என்ற ஐயத்துக்கு மூன்று தடயங்கள் விடையளிக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை என்பதால், காலப்போக்கில் சிதைந்து தீரும் கதிரியக்கக் கார்பனாகிய கார்பன்-14 அவற்றில் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவிலும் அதன் விகிதம் அதற்கேற்பக் குறைந்துவருகிறது. எரிதலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் காற்றில் மிக நுண்ணிய அளவில் குறைகிறது. சூரியன் காரணமாயிருந்தால் வளிமண்டலம் முழுவதும் சூடாகியிருக்க வேண்டும். ஆனால் கீழ்ப்பகுதி சூடாக, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்துவருகிறது. கீழே போர்வை தடித்துவிட்டதன் அடையாளம் அது.

ஓசோன் ஓட்டைதான் புவி வெப்பமடைதலுக்குக் காரணம் என்ற எண்ணம் பள்ளிக் கட்டுரைகளில் தொடங்கி மேடைப்பேச்சுவரை வேரூன்றியிருப்பதால், அதை இங்கேயே விலக்கிவிட வேண்டும். ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களை வடிகட்டுகிறது. அது தேய்ந்தது வேறொரு சிக்கல். ஓசோனை அரிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பின் அப்படலம் மெல்ல மீண்டுவருகிறது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்று உண்டு: பழைய குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்டு ஓசோனை அரித்த சி.எஃப்.சி. வாயுக்கள் வலிமையான பசுமை இல்ல வாயுக்களும்கூட.

இந்தப் படியில் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்றுதான். மீத்தேன் காற்றில் 12 ஆண்டு அளவே தங்குகிறது. ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் அதன் வெப்பமேற்றும் திறன், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் வெப்ப உயர்வு, இந்த ஆண்டு எவ்வளவு வெளியிட்டோம் என்பதைவிட, இதுவரை மொத்தம் எவ்வளவு வெளியிட்டோம் என்பதையே பொறுத்தது: ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் ஏறத்தாழ 0.45 டிகிரி. வெளியீட்டைப் பாதியாக்கினால் உயர்வு மெதுவாகும், நிற்காது. வெளியிடுவதும் அகற்றப்படுவதும் சமமாகும்படி நிகர அளவில் சுழியத்துக்குக் கொண்டுவந்தால், உயர்வு பெரும்பாலும் அந்த மட்டத்தில் சில பத்தாண்டுகளில் நின்றுவிடும் என்பது ஆய்வுகளின் முடிவு. இனி எதைச் செய்தும் பயனில்லை என்ற சோர்வுப் பேச்சுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லாததற்கு இதுவே காரணம்.

படி 2: விளைவுகளில் உங்களை எட்டுபவை எவை என்று பிரித்தறியுங்கள்

ஐ.பி.சி.சி. எனப்படும் அரசுகளுக்கிடையிலான காலநிலைக் குழுவின் கணக்கின்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020 பத்தாண்டின் சராசரி 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டு மட்டும் தனித்து 1.5 டிகிரியைத் தாண்டியது. காலைக்கும் மாலைக்கும் பத்து டிகிரி வேறுபடும்போது ஒரு டிகிரி என்ன செய்துவிடும் என்ற கேள்வி இயல்பானதே. சராசரி சற்று நகரும்போது விளிம்புகள் பெரிதாக நகர்கின்றன என்பதே விடை. முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்ப நாள், ஒரு டிகிரி உயர்ந்த உலகில் அதே பத்தாண்டில் 2.8 முறையும், 1.5 டிகிரியில் 4.1 முறையும், 2 டிகிரியில் 5.6 முறையும் வருகிறது. கனடாவின் லிட்டன் என்ற சிற்றூரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் அந்த ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது.

பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம் ஆபத்தானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பகலில் ஏறிய சூட்டை உடல் இரவில்தான் இறக்கி வைக்கிறது. இரவு குளிராவிட்டால் இதயமும் சிறுநீரகமும் ஓய்வின்றி உழைக்கின்றன. 2003ஆம் ஆண்டு கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் முதியவர்கள். வெப்பத்தோடு ஈரப்பதமும் சேரும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்க வழியில்லை. உடல்நலமுள்ள இளைஞர்களிடம் நடத்திய ஆய்வக சோதனைகளில் 31 டிகிரிக்கு அருகிலேயே உடல் தடுமாறத் தொடங்கியது.

அடுத்தது தண்ணீர். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். இந்த ஒரே விதி வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருசேர விளக்குகிறது: மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, பெய்யாத நாள்களில் தாகம் கொண்ட காற்று மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் ஈரத்தை விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆண்டின் மொத்த மழையளவு மாறாமலேயே ஓர் ஊர் இரண்டு துன்பங்களையும் அடையலாம்.

கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. சூடான நீர் விரிவதாலும் நிலத்துப் பனி உருகிச் சேர்வதாலும் 1901க்கும் 2018க்கும் இடையில் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது; 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்தது. கரையோரத்தில் வாழ்பவர்கள் கடல் ஊருக்குள் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிணற்று நீர் உவர்ப்பதும், சாதாரணப் புயலின் அலைகள் முன்பைவிட உள்ளே வருவதும் அதற்கு வெகுமுன்னரே தொடங்கிவிடும். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் நான்கில் ஒரு பங்கைக் கடல் கரைத்துக்கொள்வதால் அதன் நீர் அமிலத்தன்மையை நோக்கி நகர்கிறது, 1.5 டிகிரி உயர்விலேயே வெதுவெதுப்பான கடல்நீரில் வளரும் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும் என்றும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் அழியும் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

உழவுக்கு வரும் இழப்பு நுட்பமானது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைக் கடந்தால் மகரந்தம் செயலிழந்து பதர் மிகும். பயிர் பசுமையாகவே நிற்பதால் அறுவடை வரை இழப்பு தெரியாமலும் போகலாம். கரியமில வாயு மிகுந்தால் பயிர் செழிக்குமே என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சில பயிர்கள் வேகமாக வளர்வது மெய்தான். ஆனால் அதே சூழலில் விளைந்த நெல்லிலும் கோதுமையிலும் புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் அளவு குறைவதும் மெய். டெங்கு பரப்பும் கொசுக்கள் முன்பு குளிர் தாங்காமல் விலகியிருந்த உயரமான பகுதிகளுக்குள் நுழைவது, பனியாறுகளை நம்பிய ஆறுகளின் கோடைநீர் நாளடைவில் மெலிவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

மீளாப் புள்ளிகள் என்று சொல்லப்படுபவற்றைத் தனியாகக் கருத வேண்டும். கிரீன்லாந்தின் பனிப்படலம் முழுவதும் உருகினால் கடல் 7 மீட்டருக்கும் மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகலாம் என்றாலும், ஓர் எல்லையைத் தாண்டியபின் அதை நிறுத்துவது கைவசம் இருக்காது. வடதுருவத்தை ஒட்டிய நிரந்தர உறைநிலங்களில், இப்போது காற்றில் உள்ளதைப்போல் இரு மடங்கு அளவுக்குக் கார்பன் புதைந்திருக்கிறது; உறைநிலம் இளகினால் அதில் ஒரு பகுதி காற்றில் கலக்கும்.

இப்பட்டியலிலிருந்து உங்கள் இருப்பிடத்துக்குப் பொருந்தும் இரண்டு அல்லது மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மேட்டுநிலத்து உழவருக்கும், தாழ்வான கரையோரக் குடியிருப்பாளருக்கும், கூரைத் தகட்டின் கீழ் வேலை செய்பவருக்கும் ஒரே ஆயத்தம் பொருந்தாது. கடைசிப் படியில் இந்தக் குறிப்பு தேவைப்படும்.

படி 3: உங்கள் கணக்கைப் போடுங்கள்

ஒரு தாள், ஓராண்டின் மின்கட்டண ரசீதுகள், எரிபொருள் செலவின் தோராயமான குறிப்பு, பயணங்களின் பட்டியல் ஆகியவை போதும். பெருக்க வேண்டிய எண்கள் இவை: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு, டீசல் 2.7 கிலோ, சமையல் எரிவாயு ஒரு கிலோவுக்கு 3 கிலோ. ஒரு லிட்டர் எரிபொருளின் எடையே ஒரு கிலோவுக்குக் கீழ் இருக்கும்போது அதிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று வியப்பவர்கள், எரியும்போது காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடையை மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் யூனிட்டுக்கு 0.9 முதல் 1 கிலோ. இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தால் ஏறத்தாழ அதில் பாதி. சூரிய ஒளி, காற்றாலை ஆகியவற்றுக்குக் கருவி உற்பத்தியையும் சேர்த்துச் சில பத்துக் கிராம்கள் மட்டுமே.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பம் மாதம் 250 யூனிட் நிலக்கரி மின்சாரமும், 40 லிட்டர் பெட்ரோலும், 10 கிலோ எரிவாயுவும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு மின்சாரத்தால் 2.7 டன், பெட்ரோலால் 1.1 டன், எரிவாயுவால் 0.36 டன். அந்த ஆண்டில் ஏசியிலிருந்து ஒரு கிலோ ஆர்-410ஏ கசிந்திருந்தால் மேலும் 2.1 டன். குடும்பத்தில் ஒருவர் பெருங்கடலைக் கடந்து விமானத்தில் போய்வந்திருந்தால் இன்னும் 1 முதல் 2 டன். உலக சராசரி, ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4.7 டன் கரியமில வாயு என்பதோடு, இவற்றைக் கூட்டிக் குடும்பத்தினர் எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு முடிந்ததும் பெரிய எண் எது என்பதைச் சுற்றி ஒரு வட்டமிடுங்கள். முதல் ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒன்றின்மீதே செல்ல வேண்டும்.

படி 4: குளிர்ச்சியும் மின்சாரமும்

குளிர்விப்பதில் முதல் வேலை, சூட்டை உள்ளே விடாமலிருப்பதுதான். கூரையில் வெயிலை எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, மேற்குச் சுவரின் சன்னல்களுக்கு வெளிப்புறமாக நிழல் அமைப்பது, கூரைக்கடியில் வெப்பக்காப்பு அடுக்கு வைப்பது ஆகியவை ஒருமுறை செலவு. பலன் பல ஆண்டுகள். திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுவதைவிட வெளியே நிழல் தருவது பன்மடங்கு மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில், திரையில் பட்டாலும் அறைக்குள்தான் சூடாக மாறுகிறது.

இரண்டாவது, காற்றசைவு. பழைய கூரை விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையற்ற மோட்டார் கொண்டது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். விசிறி ஓடும் அறையில் ஏசியை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி வைத்தாலும் உடலுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஒவ்வொரு டிகிரி உயர்வும் ஏசியின் மின்செலவில் ஏறத்தாழ 5 அல்லது 6 சதவீதத்தைக் குறைக்கிறது.

மூன்றாவது, வாயு. மூடிய சுற்றில் ஓடும் குளிரூட்டி வாயு தேய்ந்து தீரும் பொருளன்று. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஆகவே பழுதுபார்ப்பவர் நிரப்பிவிட்டேன் என்று சொன்னால், கசிவு எங்கே இருந்தது, அடைத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்தபின் நிரப்பச் சொல்லுங்கள். கருவியைக் கழற்றி இடம் மாற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல், வெளிப்புற அலகுக்குள்ளேயே இழுத்து அடைத்துவிட முடியும். அதைச் செய்யும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் நேரம் மிச்சமென்று திறந்துவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். புதிதாக வாங்குவோர் பின்புற ஒட்டியில் வாயுவின் பெயரைப் பார்க்கலாம். ஒரு கிலோ ஆர்-410ஏ 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் 675 கிலோ. புரொப்பேனாகிய ஆர்-290 என்றால் சில கிலோ மட்டுமே. பின்னது எளிதில் தீப்பற்றும் என்பதால், அதற்கென வடிவமைத்த கருவியில் மட்டுமே, பயிற்சி பெற்றவர் கையாலேயே நிரப்பப்பட வேண்டும்; பழைய கருவியில் மாற்றி ஊற்றும் சோதனைகள் வேண்டாம்.

இவற்றுக்குப் பின்பே சூரிய மின்தகடு. தேவையைக் குறைக்குமுன் தகடு வைத்தால், வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்க நேரும். நிழல் விழாத கூரை, தாங்கும் வலு, மின்வாரியத்துடன் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குக்கான இணைப்பு ஆகிய மூன்றையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சொந்தக் கூரை இல்லாதவர்கள் பொதுக்கூரையில் கூட்டாக அமைக்க முடியுமா என்று கேட்கலாம். குளிர்நாடுகளில் வாழ்பவர்களுக்கு இதே வரிசையில் வெப்பக்காப்பு முதலும், ஹீட் பம்ப் அடுத்தும் வரும். அது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து உள்ளே இழுத்துத் தருகிறது.

படி 5: பயணம்

பயணத்தில் முதலில் குறைக்க வேண்டியது தூரம். வாடகைக்கு வீடு பார்க்கும்போதும், பணிமாற்றம் கேட்கும்போதும் எடுக்கும் ஒரு முடிவு, அடுத்த பல ஆண்டுகளின் எரிபொருளைத் தீர்மானித்துவிடுகிறது. அதன்பின் நடை, மிதிவண்டி, பேருந்து, ரயில். கடைசியாகத்தான் வண்டியின் வகை. மின்வாகனம் தயாராகும்போது மின்கலத்துக்காகக் கூடுதல் வெளியீடு உண்டாவது உண்மை; ஓட ஓட அந்தக் கூடுதல் ஈடாகி, பெரும்பாலான மின்கட்டமைப்புகளில் வாழ்நாள் கணக்கு பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே முடிகிறது. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை அவசரமாக மாற்றுவதில் பயனில்லை. நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டியை மாற்றுவதில்தான் பெரும்பயன். விமானத்தைப் பொறுத்தவரை சிக்கன உத்தி ஏதும் கிடையாது. குறைவான முறை பறப்பதே வழி.

படி 6: உணவும் கழிவும்

வீணாகும் உணவு மட்டும் உலகின் பசுமை இல்ல வாயு வெளியீட்டில் 8 முதல் 10 சதவீதத்துக்குக் காரணமாகிறது. விளைவிக்கவும் ஏற்றிச் செல்லவும் குளிரூட்டவும் ஆன அத்தனை எரிபொருளும் அதனுடன் குப்பைக்குப் போகிறது. குப்பைமேட்டின் அடியில், காற்றுப்படாத இடத்தில் அழுகும்போது மீத்தேனும் வெளிவருகிறது. சமையலறைக் கழிவைத் தனியே பிரித்து உரமாக்குவதன் பயன் இங்கேதான். ஆனால் உரத்தொட்டியையும் கிளறாமல், ஈரம் மிகவிட்டு, மூடியே வைத்தால் அதுவும் சிறிய குப்பைமேடாகிவிடும். உலர்ந்த இலை, மரத்தூள் போன்றவற்றை அடுக்கிடையே சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். கெட்ட நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

உணவுத் தேர்வில் மிகப் பெரிய வேறுபாடு அசைபோடும் கால்நடைகளின் இறைச்சிக்கும் மற்றவற்றுக்கும் இடையிலானது. அவற்றின் இரைப்பையில் செரிமானத்தின்போதே மீத்தேன் உருவாகிறது. பயறு வகைகளின் வெளியீடு அதில் மிகச் சிறு பங்கு.

நெல் விளைவிப்போர், வயலில் எப்போதும் நீர் தேங்கி நிற்பதற்கு மாறாகக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் குறையும். துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது முறை. பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையவிடக் கூடாது. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் போடுவதும் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வலியது.

படி 7: கட்டுவதும் வாங்குவதும்

சிமென்ட் தயாரிப்பில் எரிபொருளை மாற்றினாலும் வெளியீடு முழுவதும் போகாது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளிவருகிறது. உலக வெளியீட்டில் 7 முதல் 8 சதவீதம் இந்தத் தொழிலுடையது. எனவே தேவைக்கு மேல் ஓர் அறை கட்டாமலிருப்பதும், இருக்கும் கட்டடத்தைச் சீர்செய்து பயன்படுத்துவதும், அனல்மின் சாம்பல் அல்லது உலைக்கசடு கலந்த சிமென்டைக் கேட்டு வாங்குவதும் பயன் தரும். மற்றப் பொருள்களுக்கு ஒரே அளவுகோல்: பழுதுபார்த்து இன்னும் எத்தனை ஆண்டு ஓட்ட முடியும்?

படி 8: மரமும் மண்ணும்

நன்கு வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 25 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கிறது. நட்ட கன்று அந்த நிலையை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். மூன்றாம் படியில் கண்ட குடும்பத்தின் 1.1 டன் பெட்ரோல் வெளியீட்டை ஈடுசெய்ய ஏறத்தாழ 45 முதல் 110 மரங்களின் ஆண்டு வளர்ச்சி தேவை. அவை வெட்டப்படாமலும் எரியாமலும் நிற்கவும் வேண்டும். நடும் விழாவில் படமெடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போகும் கன்றுகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிழலுக்காகவும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கவும் மரம் நடுவது மிக நல்ல செயல். அது எரிபொருளுக்குப் பரிகாரம் ஆகாது.

புதிதாக நடுவதைவிட இருப்பதை அழியாமல் காப்பதற்கு எடை அதிகம். பாதி மக்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சதுப்பு நிலங்கள் உலக நிலப்பரப்பில் 3 சதவீதம் மட்டுமே. உலகின் காடுகளிலுள்ள தாவரங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அதைவிட மிகுந்த கார்பன் அவற்றில் புதைந்திருக்கிறது. அலையாத்திக் காடுகள் கார்பனைச் சேற்றில் பூட்டிவைப்பதோடு புயலலையின் வேகத்தையும் தணிக்கின்றன. அருகில் ஒரு சதுப்பு நிலம் மண்ணிட்டு மூடப்படவிருக்கிறதென்றால், அதைத் தடுக்கும் ஒரு மனு பல நூறு கன்றுகளுக்கு ஈடாகலாம்.

படி 9: வீட்டு வாசலுக்கு அப்பால்

இதுவரை சொன்ன அனைத்தையும் ஒருவர் செய்துமுடித்தாலும், மின்கட்டமைப்பில் நிலக்கரி நீடிக்கும்வரை அவர் கணக்கு சுழியமாகாது. 2019ஆம் ஆண்டு உலக வெளியீட்டில் மின்சாரம் உள்ளிட்ட ஆற்றல் வழங்கலின் பங்கு 34 சதவீதம், தொழிற்சாலைகள் 24, வேளாண்மையும் நிலப்பயன்பாடும் 22, போக்குவரத்து 15, கட்டடங்களில் நேரடியாக எரிப்பது 6 சதவீதம். தனிமனிதர் பழக்கம் போதும் என்று சொல்பவர்களும், அரசும் நிறுவனங்களும் மாறாமல் தனிமனிதர் செய்வதெல்லாம் வீண் என்பவர்களும் இந்த எண்களின் பாதியைத்தான் படிக்கிறார்கள் என்பது என் கருத்து.

அரசுகள் சேர்ந்தால் நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. மான்ட்ரியல் உடன்பாட்டில் 2016இல் சேர்க்கப்பட்ட கிகாலித் திருத்தம், எச்.எஃப்.சி. வகைக் குளிரூட்டி வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வகைசெய்தது. முழுமையாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் 0.5 டிகிரி வரை தவிர்க்கப்படும். 2010க்கும் 2019க்கும் இடையில் சூரிய மின்சாரத்தின் செலவும் லித்தியம் மின்கலத்தின் செலவும் 85 சதவீதமும், காற்றாலை மின்சாரத்தின் செலவு 55 சதவீதமும் சரிந்ததில் அரசுக் கொள்கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடு உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்தவும், 1.5 டிகிரிக்குள் வைக்க முயலவும் நாடுகளைப் பணிக்கிறது. எழுத்திலுள்ள இலக்குக்கும் நடைமுறைக்கும் இடைவெளி பெரிது.

தொடங்க ஏற்ற இடம், உங்கள் பேச்சு எடுபடும் இடமே. குடியிருப்போர் சங்கத்தில் பொது விளக்குகளையும் நீரேற்று மோட்டாரையும் கணக்கெடுக்கச் சொல்லலாம். பணியிடத்தில் ஏசி பராமரிப்பு ஒப்பந்தத்தில் கசிவுச் சோதனையை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லலாம். ஒரே ஒரு பெரிய அலுவலகத்தில் இது நடந்தாலும் பல வீடுகளின் ஓராண்டுச் சிக்கனத்தை மிஞ்சும். உள்ளாட்சி மன்றத்தில் குப்பைமேடு, பேருந்துத் தடம், நடைபாதை ஆகிய மூன்றைப் பற்றி எழுத்து வடிவில் கேட்கலாம். கேள்வியில் அளவும் காலக்கெடுவும் இருந்தால் மழுப்பலான விடை தருவது கடினம்.

படி 10: வரப்போகும் வெப்பத்துக்கு ஆயத்தம்

இரண்டாம் படியில் எழுதிய குறிப்பை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமே முதன்மை என்றால், வீட்டில் இரவில் மிகக் குறைவாகச் சூடாகும் அறை எது என்பதை ஒரு சாதாரண வெப்பமானி வைத்துக் கண்டறிந்து, முதியவர்களும் கைக்குழந்தைகளும் அங்கு உறங்க ஏற்பாடு செய்யுங்கள். வெளியில் உழைப்பவர்கள் நண்பகல் வேளையைத் தவிர்த்து வேலைநேரத்தை மாற்றிக்கொள்வதும், தாகம் எடுக்குமுன்பே நீர் அருந்துவதும் அவசியம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு; மருத்துவ உதவிக்கு அழைத்தவுடனேயே உடலில் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறத் தொடங்க வேண்டும், ஊர்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவிழந்தவரின் வாயில் நீர் புகட்டக் கூடாது.

வெள்ளமோ கடலோ முதன்மை என்றால், மின்பலகையையும் ஆவணங்களையும் மேலே ஏற்றுவது, மழைநீர் வடிகாலைக் கோடையிலேயே தூர்வாருவது, எச்சரிக்கை வந்தால் எவ்வழியாக வெளியேறுவது என்று வீட்டாருடன் பேசி வைப்பது ஆகியவை முன்னேற்பாடுகள். 24 மணிநேரம் முன்னதாகக் கிடைக்கும் எச்சரிக்கை சேதத்தை 30 சதவீதம் வரை குறைக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆனால் எச்சரிக்கை கேட்டதும் என்ன செய்வதென்று தெரிந்தவர்களுக்கே அந்தப் பயன் கிட்டும்.

ஓராண்டு கழித்து மூன்றாம் படியின் தாளை மறுபடி எடுத்து, அதே எண்களால் பெருக்கிப் பாருங்கள். மின்கட்டணத்தில் மிச்சமான பணம் ஒரு விமானப் பயணமாக மாறியிருக்கிறதா, சிக்கனமான ஏசி என்பதால் கூடுதல் நேரம் ஓடுகிறதா என்பன முதலில் சரிபார்க்க வேண்டியவை. ஏசி பராமரிப்புச் சீட்டில் எத்தனை கிராம் வாயு நிரப்பப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால், அடுத்த முறை பணம் கொடுக்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.